ஒரே திருத்தம், இரண்டு கிளை

மியூனிக்
நவம்பர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு, தேவிகா வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் வலிக்கு கே.கே. நகர் டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்கிறீர்களா?

போன வாரம் இங்கே ஒரு தமாஷ். கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் மென்பொருளைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம் இல்லையா? அதில் இந்த வெளியீட்டுக்குத் தனிப் பிரதியாக ஒரு கிளை, அடுத்ததற்கு ஒரு கிளை. ஒரு அவசரத் திருத்தத்தை நான் தெரிந்தேதான் இரண்டிலும் போட்டேன். கிளைகளை இணைக்கும் ஹென்ரிக்குக்கு அது, நீங்கள் தக்காளி வாங்கி வந்த அன்றே அம்மாவும் வாங்கி வைக்கும் கதையாகத் தெரிந்திருக்கிறது. "ஒரே திருத்தம் எதற்கு இரண்டு முறை?" என்று எல்லோரும் படிக்கும் மடலிலேயே கேட்டுவிட்டார்.

நான் அசரவில்லை. "அது இல்லாவிட்டால் அடுத்த கிளையைச் சோதிப்பவர்களின் கணினி நின்றுவிடும். இரண்டும் இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லாததுதான் என் தப்பு" என்று பதில் போட்டேன். "சரி" என்று எழுதி இணைத்துவிட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது பொன்னாடை போர்த்திய மாதிரி!

அம்மாவிடம் புளிக்காய்ச்சல் அனுப்பச் சொல்லுங்கள். சின்ன பாட்டில் போதும். பங்குக்கு வர இங்கே யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். ஒன்று மட்டும். போனில் எப்போதும், "உங்கம்மாதான் எல்லாத்தையும் சொல்லிட்டாளே, வச்சிரவா?" என்கிறீர்கள். வைக்காதீர்கள், அப்பா. அம்மா சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

தேவிகா