ஆஃப் ஆபீசரும் புது வெந்நீர் மெஷினும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், என் முழங்கால்கூட இந்த மாதம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, பெரிய வாண்டு, சின்ன வாண்டு நாலு பேரும் தும்மல் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவார், சொல்ல வந்தது பாதியிலேயே திசை மாறிவிடும். இது அவரைப் பற்றிய விஷயம் வேறு. அதனால்தான் கடிதம். விடுமுறைக்கு வரும்போது இந்தத் தடவையும் ஹோட்டலிலேயே ரூம் போட்டுக்கொள்கிறோம் என்று போன வாரம் சொன்னாயே, இதைப் படித்து முடிக்கிறவரை அந்த ரூமை உறுதி செய்யாதே. அவ்வளவுதான் நான் கேட்பது, படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

முதலில் பழைய ஹீட்டர் போய்ச் சேர்ந்த கதை. குளியலறை வாசலுக்கு மேலே தொங்கிக்கொண்டு, ஒன்று கொதிக்கக் கொதிக்க ஊற்றும், இல்லை என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றும், நடுவில் ஒன்றும் தெரியாது அதற்கு. அது கொஞ்ச நாளாகச் செங்கல் நிறத்தில் தண்ணீர் விட ஆரம்பித்தது. பிளம்பர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு அடிப்பக்கம் துருப்பிடித்து இற்றுப்போச்சு, தலையில் விழுவதற்குள் கழற்றிவிடுங்கள் என்றார். உன் அப்பா அதேபோல இன்னொன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். மாடிவீட்டு டீச்சர் வீட்டில் ஹீட் பம்ப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடுமாம், பழைய ஹீட்டர் குடித்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குடிக்காதாம், ஒரு பெரிய டாங்கி நிறைய வெந்நீர் எப்போதும் தயாராக இருக்குமாம், ஆறு பேர் வரிசையாகக் குளித்தாலும் கடைசி ஆளுக்கும் சூடு இருக்குமாம். ஆறு பேர் என்று டீச்சர் சொன்னதும் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன் பாப்பா, நீங்கள் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். உன் அப்பா சும்மா இருப்பாரா, காற்றிலிருந்து வெந்நீர் வரும் என்றால் நாளைக்கு வெயிலிலிருந்து ஐஸ்கிரீம் வரும் என்பார்கள், நீயும் நம்புவாய் என்று கேலி பண்ணினார். நான் நம் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அவர் கையை வைத்துக் காட்டினேன். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துத்தானே வெளியே விடுகிறது, இது வெளியே இருப்பதை எடுத்து உள்ளே விடுகிறது, இதில் என்ன அதிசயம் என்றேன். கையை எடுத்துக்கொண்டார், வாதத்தை விடவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டோம்.

வந்து இறங்கியது பார், பீரோ உயரத்துக்கு. பின்பக்கத்து பால்கனியில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழைய லைனே போதும் என்று மெஷின்காரர் அதே சுவிட்சில்தான் இணைத்தார், தெரியுமே, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கோடு இருக்குமே அது. போகும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார், இது பழைய ஹீட்டர் மாதிரி கிடையாது, மெதுவாகத்தான் சுடவைக்கும், இதை அணைக்கவே கூடாது, போதுமான சூடு வந்ததும் தானாக நின்றுகொள்ளும் என்று. நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம். ஒரு வேடிக்கை சொல்கிறேன், தண்ணீருக்குச் சூடு ஏற்றும்போது அது முன்பக்கம் குளுகுளுவென்று காற்று விடுகிறது. அந்த மெஷினைத் திட்டிக்கொண்டே உன் அப்பா தன் நாற்காலியை அதன் எதிரே போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

எல்லாம் சரி, வெந்நீர் வரவில்லை. மறுநாள் காலை குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பு, அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. உன் அப்பாவுக்கு வந்ததே உற்சாகம். நான் அப்பவே சொன்னேன் என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொன்னார். மெஷின்காரர் வந்தார், மூடியைக் கழற்றினார், காதை வைத்துக் கேட்டார், மதியம் வரைக்கும் இருந்து ஓட்டிப் பார்த்தார், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. ஒரு குறையும் இல்லை, ஆனில்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார், ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் போன மறுநாள் மறுபடியும் பச்சைத் தண்ணீர். எனக்கு உன் அப்பா மேல்தான் சந்தேகம். வேண்டும் என்றே ஏதாவது பண்ணுகிறாரோ என்று நேராகவே கேட்டேன், நீங்கள் அந்த மெஷினில் கை வைத்தீர்களா என்று. இல்லவே இல்லை என்றார். நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறவள், தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்கிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்பது வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். உன் அப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம். நடுவில் அவர் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார், அந்த இரண்டு நாளும் வெந்நீர் ஆவி பறக்க வந்தது. அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, தண்ணீர் மறுபடி ஆறிப்போனது. இந்த மெஷினுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எடுத்துக்கொண்டு போகச் சொல் என்று ஒற்றைக்காலில் நின்றார். திருப்பிக் கொடுப்பதற்கான கெடுவும் முடியப்போகிறது. எனக்கு மனசே வரவில்லை பாப்பா, உங்களுக்காக என்று நினைத்து வாங்கினது ஆயிற்றே. போய்விட்டால் நீங்கள் ஹோட்டல், நாங்கள் வீடு, அவ்வளவுதான் என்று தோன்றியது.

மெஷினைக் கழற்றுவதற்காக மெஷின்காரர் வந்தார். எதற்கும் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று போட்டுவிட்டு, டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். உன் அப்பா பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டு மெஷினின் வம்சத்தையே இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவைத் தாண்டும்போது, இது உருப்படவே உருப்படாது என்று சொல்லிக்கொண்டே, என்னைப் பார்த்தபடியே, அவருடைய இடதுகை தன் பாட்டுக்கு மேலே போனது, டக் என்று சுவிட்சை அணைத்தது, கீழே இறங்கியது. பேச்சுகூட நிற்கவில்லை. நான், "இப்ப என்ன பண்ணீங்க?" என்றேன். "என்ன பண்ணினேன், பேசிட்டிருக்கேன்" என்றார். சிவப்பு விளக்கைக் காட்டினேன். அணைந்த விளக்கைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், யாரோ வேற்று ஆளுடைய கையைப் பார்ப்பதுபோல. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் காலத்தில் வேலை பார்த்த கிடங்கில் கடைசியாகப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவர் அவர்தானே, எரிகிற விளக்கைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருக்கு ஆஃப் ஆபீசர் என்று பேர் வைத்து எனக்கு மட்டும் சொன்னாயே, அது சும்மா வைத்த பேர் இல்லை. ஆனால் உன் அப்பா லேசுப்பட்டவரா. என்னைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார், "நான் அணைக்கிறேன், சரி. அப்ப தினமும் அதைப் போடுறது யாரு?" என் சிரிப்பு நின்றுபோனது. நான்தான் பாப்பா. காலையில் எழுந்து சமையலறைக்குப் போகிற வழியில் என் கை அதைப் போட்டுவிட்டுப் போகிறது, குளிப்பதற்கு முன்னால் ஹீட்டர் போடுகிற பழைய பழக்கம். ஏன் அணைந்திருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா, இல்லை. அவர் கை அணைக்க, என் கை போட, பாவம் அந்த மெஷின் தண்ணீரைச் சூடு பண்ணுவதற்குள் நிறுத்தப்பட்டிருக்கிறது. மெஷின்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழற்றட்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று உன் அப்பாதான் சொன்னார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அன்று சாயங்காலம் டீயைக் கையில் வாங்கின மனுஷர் குடிக்கவே இல்லை. டீ ஆறிப்போன பிறகு கேட்டார், "போன தடவை வந்தப்ப மாப்பிள்ளை தலையெல்லாம் சோப்போட நின்னப்ப தண்ணி ஐஸா மாறிடுச்சே, அதுவும் என் கைதானா?" ஆமாம் என்றேன். "அதனாலதான் ஹோட்டலுக்குப் போனாங்களா?" என்றார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நடுங்கிக்கொண்டு வந்து துவட்டிக்கொண்டார், அவர் குணம் தங்கம். ஆனால் மறுநாளே நீ, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டுமாம் அதனால் ஹோட்டல் என்றாய். எனக்கு அப்போதே தெரியும். உன் அப்பா வெளியே நின்று போதும் போதும் என்று கதவைத் தட்டியது, சின்ன வாண்டு சோப்போடு அழுதது எல்லாம் பார்த்தவள்தானே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் நீ பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது எனக்கு வலித்தது, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. உன் அப்பா மட்டும் நீச்சல் குளத்தை அப்படியே நம்பினார். உனக்குத் தெரியாது, நீங்கள் ஊருக்குப் போன பிறகு கடைக்குப் போய் காற்றடிக்கிற ரப்பர் குளம் ஒன்று வாங்கி வந்தார், அடுத்த தடவை வீட்டிலேயே குளம் இருக்கிறது என்று சொன்னால் இங்கேயே தங்குவார்கள் என்று. அது பரண்மேல் பிரிக்காமலே கிடந்தது.

மறுநாள் காலை பார்த்தால் அந்த சுவிட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கொட்டை எழுத்தில் தொடாதே என்று எழுதியிருக்கிறது. கை இன்னும் போகத்தான் செய்கிறது, பிளாஸ்திரியைத் தொட்டதும் சுட்டதுபோல் திரும்பிவிடுகிறது. குளத்தைப் பரணிலிருந்து இறக்கி, பால்கனியில் வைத்து மூச்சு வாங்க வாங்க ஊதி, எங்கேயும் ஓட்டை இல்லையா என்று வெந்நீர் விட்டுப் பார்த்தார். டாங்கி பாதிகூடக் காலியாகவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் முழங்கால்வரை நின்றேன், சுகமாக இருந்தது.

ஆகவே ரூமெல்லாம் வேண்டாம், நேராக வீட்டுக்கு வாருங்கள். உன் அறையை ஒழித்துவைத்துவிட்டேன், ஜன்னல் கொக்கியையும் மாற்றியாயிற்று. அங்கே உங்கள் ஹீட்டரும் பழசாகிவிட்டது என்றாயே, துரு வருவதற்கு முன்னால் மாற்றிவிடு, மாற்றினால் அதன்பின் சுவிட்சை மறந்துவிடு, நம் வீட்டுக் கை உனக்கும் வந்திருக்கும். பிள்ளைகளை ஈரத்தலையோடு வெளியே விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை ஒட்டி உன் அப்பாவிடம்தான் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அவர், அதனால் அந்தப் பேர் விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும். நாலு பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வருகிற தேதியை மறக்காமல் சொல்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா

பாப்பா, உன் அம்மா கவரைச் சரியாக ஒட்டவில்லை. ஒட்டலாம் என்று எடுத்தேன், படித்துவிட்டேன். சில இடங்களில் கூட்டி எழுதியிருக்கிறாள், நேரில் திருத்துகிறேன். மாப்பிள்ளையிடம் சொல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்கட்டும், நான் கதவுப்பக்கமே வர மாட்டேன். ஆனிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆஃப் ஆபீசர்