ஹிக்கரியும் சமையலறைக் கதவும்

மில் சாலை
ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் கெய்லினுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கத்துகிற அதிகாரிகள் கத்தட்டும் என்று தைரியமாக இருப்பாய் என நம்புகிறேன். இந்தக் கடிதத்தை எங்காவது உட்கார்ந்து படி. வரிசையில் நின்றுகொண்டு படிக்காதே.

உன் ஹிக்கரி இறந்துவிட்டான். மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை மதியம்.

அதன் பிறகு நான் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் அவனைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொய். வாலை ஆட்டிக்கொண்டு ஓடையில் ஆமையைத் துரத்தினான் என்று எழுதினேன். உன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான் என்று எழுதினேன். ராணுவப் பயிற்சி முகாமில் உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், தபாலைத் தவிர வேறு வழி இல்லை, அங்கே தனியாகக் கிடந்து அழுவாயே என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் எழுத எழுத வேறு மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தில் அவன் ஓடையை விட்டு ஏறி உடம்பை உதறினால் என் கால்மேல் தண்ணீர் தெறித்த மாதிரியே இருந்தது. இரண்டாவது கடிதத்தை முடிக்க மனமே வரவில்லை, கெய்லின். "அம்மா, அவனுக்கு என் பெயரில் ஒரு முத்தம் கொடு" என்று நீ பதில் போட்ட அன்றுதான் விழித்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பழைய மில் சாலை என்று இன்னொன்று இருக்கிறதே, அங்கே நாற்பதாம் எண் வீட்டில் யாருக்கோ நீதிமன்றச் சம்மன் கொடுக்க வேண்டியிருந்ததாம். ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்த காவலர் நம் மில் சாலை நாற்பதுக்கு வந்துவிட்டார். காவலர் என்றால் யார் தெரியுமா? கோடி பர்னெட். உன் பள்ளியில் உனக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவன். பள்ளிச் சமையலறையில் என் வரிசையில் நின்று, "மிஸ் ரோண்டா, இன்னும் ஒரு கரண்டி" என்று மக்ரோனிக்குத் தட்டை நீட்டுவானே, அவனேதான்.

நம் பக்கத்தில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். பைபிள் விற்கிறவர்கள், ஓட்டுக் கேட்கிறவர்கள். தெரிந்தவர்கள் எல்லாம் வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்கக் கேட்டைத் திறந்து, சமையலறைக் கதவு வழியாகத்தான் வருவார்கள். ஹிக்கரிக்கும் அது தெரியும். முன்கதவில் சத்தம் கேட்டால் குரைப்பான். பின்கேட் கிறீச்சிட்டால் போதும், குரைக்கவே மாட்டான், ஒன்பது வயதையும் இடுப்பு வலியையும் மறந்து ஓடுவான்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட் கிறீச்சிட்டது. ஹிக்கரி சன்னலுக்கு அடியில் மஞ்சளாக ஓடினான், காதுகள் இரண்டும் பறந்தன. வெயில் நன்றாக இருந்தது. யாரோ வருகிறார்கள், காபி போட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு இரண்டு துப்பாக்கிச் சத்தம். கையில் சோப்பு நுரையோடு ஓடினேன். நம் வேலிக்குள், நம் புல்லில், க்ளோவர் பூக்களுக்கு நடுவே கிடந்தான். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது வால் ஒரு முறை அசைந்தது. நிஜமாகவே அசைந்ததா, நான்தான் அப்படிப் பார்த்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பேரிக்காய் மரத்தடியில், உன் நீல ஸ்வெட்டரில் சுற்றிப் புதைத்தோம்.

உனக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது. இன்னும் இருக்கிறது. ஊருக்கே இருக்கிறது. பக்கத்து வீட்டு வெர்லன் தாத்தாவைத்தான் உனக்குத் தெரியுமே, சும்மா இருப்பாரா? "இன்னைக்கு நாயி, நாளைக்கு யாரு? நம்ம வேலிக்குள்ள வந்து சுடறதுக்கு இவனுங்களுக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆள் திரட்டினார். மனிதர் செத்த வீட்டுக்குப் போல உருளைக்கிழங்கும் சீஸும் சுட்டு எல்லாரும் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நீதிமன்றப் புல்வெளியில் முந்நூறு பேர் தங்கள் நாய்களோடு வந்து நின்றார்கள். இறந்த நாய்களின் பெயர்த் தகடு தொங்கும் கழுத்துப்பட்டைகளைக் கொண்டுவந்து கம்பி வேலியில் கட்டினார்கள். காற்றில் அவை மெல்ல மணி மாதிரி ஒலித்தன. யார் யாருடைய பழைய நாய்களோ அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது, நான் வீட்டுக்குப் போகாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இங்கேதான் நான் செய்த இன்னொரு காரியம் வருகிறது. நீ எட்டாம் வகுப்பில் பெயிண்ட் அடித்து மாட்டிய பலகை நினைவிருக்கிறதா? "நாய் ஜாக்கிரதை. நக்கியே கொன்றுவிடும்." கேட்டில் அது இல்லை, கெய்லின். வீட்டுக் காப்பீட்டு ஆள் பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். நாய்ப் பலகையைப் பார்த்தால் கடிக்கிற நாய் என்று எழுதிக்கொள்வார்கள் என்று பயந்து கழற்றித் துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் திங்கட்கிழமையே வந்து போய்விட்டார். மாட்ட மறந்துவிட்டேன். செவ்வாய், புதன், வியாழன்.

எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை, அதனால் கோடி மேல் தப்பில்லை என்றார் ஷெரீஃபின் வக்கீல். வெர்லன் தாத்தா கொதித்துப் போய், "அஞ்சு வருசமா என் கண்ணால பாக்கறேன், பலகை இருந்துச்சு!" என்று சொன்னதோடு நிற்காமல், 'பலகை இருந்தது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, பழைய ஞாபகத்தில் பேசினார். நான்தான் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் பொய், ஊருக்கும் பொய். அந்தப் பொய்க்குள்ளே ஹிக்கரி சௌகரியமாகப் படுத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை மாவட்டக் குழுக் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இது அன்றைக்குக் கேட்டில் இல்லை, நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். வக்கீல் புன்னகையோடு எதையோ குறித்துக்கொண்டார். "அடிப்பாவி, நல்லா போயிட்டிருந்ததை இப்படிக் கவுத்துட்டியே!" என்று வெர்லன் தாத்தா பின்னாலிருந்து முனகியது எனக்குக் கேட்டது.

கோடி ஷெரீஃபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்து, "கோடி, பின்பக்கக் கேட்டு வழியா ஏன்பா வந்த?" என்று கேட்டேன். ஷெரீஃப் அவன் தோளில் கை வைத்தார், பேசாதே என்கிற மாதிரி. ஆனாலும் அவன் எழுந்தான். "பழக்கம், மிஸ் ரோண்டா. உங்க வீட்டுக்கு எல்லாரும் அப்படித்தானே வருவாங்க," என்றான்.

"அவனும் அப்படித்தாம்பா நெனச்சுக்கிட்டு ஓடி வந்தான். நம்ம ஆளு வராங்கன்னு," என்றேன்.

கோடி உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான், பிறகு முகத்தை மூடிக்கொண்டான். அவனை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் சுட்டிருக்கக் கூடாது. இதையும் நான் அங்கே சொன்னேன். காவலர்களுக்கு நாய்களைப் புரிந்துகொள்ளப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று குழுவில் ஓட்டுக்கு விடப் போகிறார்களாம். ஜெயிக்குமா, தெரியாது.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. நேற்று என் சிநேகிதி டாட்டி தன் பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தாள். இருபது வருடப் பழக்கம், முன்கதவைத் தட்டினாள். குரைக்க யாரும் இல்லாததால் எனக்குக் கேட்கவே நேரமாகிவிட்டது. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிப் போனாள்.

பலகையைத் திரும்பக் கேட்டில் மாட்டிவிட்டேன். இனி எதற்கு என்று கேட்பாய். அது உன் கையெழுத்து. வலைக்கதவைத் திறந்தால் இன்னமும் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே நிற்கிறேன், அவன் நுழைந்து முடிக்கட்டும் என்று. காலையில் ஓடைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வரும்போது அதில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. மூக்குக் கண்ணாடி போடாமல் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. நான் போடுவதில்லை.

உன் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு நான் வரலாமா, கூடாதா? ஒரு வரி எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் சரி, எழுது. நீ என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவனை நான் காப்பாற்றவில்லை, அது பற்றாது என்று உன்னிடம் பொய்யும் சொன்னேன். திட்டு, கத்து, ஒரு மாதம் பேசாமல் இரு. எல்லாவற்றுக்கும் நான் தயார்.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும். கால் கொப்புளத்துக்கு மருந்து போடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன், என் கண்ணே. எத்தனை கோபத்தோடு வந்தாலும் வீட்டைச் சுற்றி, அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு, சமையலறைக் கதவு வழியாகவே வா. முன்கதவை மட்டும் தட்டிவிடாதே.

உன் அம்மா,
ரோண்டா