பத்மினியின் முன்சீட்

ஜூன் 9, ஞாயிறு

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. பத்மினி காரின் இன்னொரு கதவையும் கழற்றினேன். அடிப்பக்கம் முழுக்க இற்றுப்போயிருக்கிறது, விரலால் குத்தினால் உள்ளே போகிறது. கடத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்த கார் இது. வாங்கி வந்து நம் ஷெட்டில் போட்டதிலிருந்து பிரித்துக்கொண்டேதான் இருக்கிறேன். சேர்ப்பது எப்போது?

சவுரியப்பன் வந்தான். வெல்டிங் பட்டறைக்காரன், எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாது, இத எடைக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாரு" என்றான். போடா என்றேன். அவன் சொன்னதும் நிஜம்தான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

என் மனைவி அமுதா கேட்டது ஒன்றே ஒன்று. தக்காளி ஏற்றி வந்த டிராக்டர் கவிழ்ந்து, அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் மொபெட்டில் தினம் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தவள். கமிஷன்காரர்களோடு சரிக்குச் சரி நின்று சண்டை போட்டவள். போன பொங்கலன்று சொன்னாள்: "ஒரே ஒருக்கா மார்க்கெட்டுக்குப் போவணுங்க. யாரும் தூக்காம." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு — தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கட்டின புருஷன் நான் தூக்கினாலும் அப்படித்தான்.

ஜூன் 12, புதன்

பின்சக்கர பிரேக் டிரம் சேலத்திலும் இல்லையாம். "இன்னுமா அந்த வண்டிய ஓட்டறீங்க?" என்று கடைக்காரன் சிரிக்கிறான். ஓட்டவில்லையடா. ஓட்டத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகன் தமிழ்ச்செல்வன் போன் செய்தான். "அப்பா, கையிலயே ஓட்டற பேட்டரி வண்டி ரெடிமேடா வருது. எதுக்கு இந்தப் பழைய டப்பாவோட மல்லுக்கட்டறீங்க?"

கத்திவிட்டேன். உங்கம்மா பொம்மை வண்டியிலயாடா மார்க்கெட்டுக்குப் போவா, கார்ல போவாடா, ராணி மாதிரி போவா. அவன் போனை வைத்துவிட்டான்.

அவனுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். பத்மினியில் முன்சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளம். நடுவில் கியர்க்கம்பி கிடையாது, கியர் ஸ்டியரிங்கோடேயே இருக்கிறது. சக்கர நாற்காலியைக் கதவோரம் ஒட்டி நிறுத்தி, நடுவே ஒரு பலகையைப் போட்டுவிட்டால், கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து அவளே உள்ளே போய்விடலாம். யாரும் தூக்க வேண்டாம். வேறு எந்த வண்டியில் முடியும்? ஆனால் எனக்குப் பொறுமையாகப் பேச எங்கே வருகிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். கிளட்ச்தான் உயிரை வாங்குகிறது. கையால் அமுக்கினால் எனக்கே வலிக்கிறது, அவளுக்கு எப்படி? பழைய வேன் ஒன்றிலிருந்து பிரேக்குக்கு உதவி செய்யும் வேக்குவம் டப்பாவைக் கழற்றி வந்து கிளட்ச்சுக்குப் பொருத்திப் பார்த்தேன். வேலை செய்கிறது, செய்யவில்லை, செய்கிறது. சவுரியப்பன் மூன்று தடவை வெட்டி மூன்று தடவை ஒட்டினான். திட்டிக்கொண்டேதான் ஒட்டினான்.

அவள் கை நீளம் பார்க்க டேப்போடு போனேன். "என்னங்க, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்றாள். எவ்வளவு நாளாயிற்று அவள் கிண்டல் செய்து.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே ஒகேனக்கலுக்குக் கிளம்பிப் போய்விட்டது. வேனில் போகிற பிள்ளைகள் போடும் கூச்சல் கட்டில் வரை கேட்கிறது. அமுதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

முன்சீட்டை முடித்தேன். ஸ்பிரிங், அதற்கு மேலே தேங்காய் நார், அதற்கு மேலே, வெளியே அடித்த பெயிண்டுக்குப் பொருத்தமாக மெரூன் ரெக்சின். உட்காரும் இடத்தில் குறுக்கே இரட்டைப் பைப்பிங், உள்ளே கயிறு வைத்துத் தைத்த மேடு. பழைய சீட்டில் எப்படி இருந்ததோ நூல் பிசகாமல் அப்படியே. சவுரியப்பன், "நாரு வேணாம்ப்பா, நல்ல ஃபோமா போடு, அமுதா உக்கார்றதுக்கு மெத்துனு இருக்கும்" என்றான். இந்த வண்டியில் ஃபோமா? அசிங்கம். நான் கைவைத்த வண்டியைத் திறந்து பார்த்து எவனும் குறை சொன்னதில்லை. தட்டிப் பார்த்தேன், திண்ணென்று இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஏறிவிட்டாள்.

பலகையில் கையை ஊன்றி, காலை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து வைத்து, நகர்ந்து நகர்ந்து. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிட்ட வந்தால் கொன்றுவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வியர்த்து ஊற்றியது. கண் திறந்தே இருந்தது. அவளே சாவியைத் திருகினாள்.

நல்லது நடந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஏரி வறண்டு கிடப்பதும் ஒரு வகையில் நல்லதற்குத்தான். உள்ளே இறக்கி இரண்டு ரவுண்டு ஓட்டினாள். முதல் ரவுண்டில் ஒரு வேலமரத்தை இடிக்கப் போனாள். இரண்டாவது ரவுண்டில் என்னை. "நவுருங்க! மார்க்கெட்டுல இப்படி நின்னீங்கன்னா அவ்வளவுதான்!"

லைசென்ஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதி எல்லாம் அடுத்த வேலை. பிரேக் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

காரைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். காலைக் கஞ்சி சீட்டிலேயே. ரேடியோ சீட்டிலேயே. ஷெட்டில் நிறுத்தியபடியே கியர் மாற்றிப் பழகுகிறாள். நாற்காலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தையை அடியில் வைத்துப் பார்த்தோம். உயரம் கூடி ஸ்டியரிங் தொடையில் இடித்தது. "எடுத்துடுங்க, எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றாள்.

எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

பாவாடையில் ரத்தம்.

குளிப்பாட்டத் திருப்பினபோது பார்த்தேன். புட்டத்துக்குக் கீழே கறுத்து, நடுவில் குழி. ஒரு கோடு மாதிரி. இரட்டைக் கோடு. எனக்குத் தெரியும் அது என்ன கோடு என்று. நானே தைத்த கோடு.

வலிக்கலன்னா சொன்ன? வலிக்கலன்னா சொன்ன நீ? — அவளிடம் கத்துகிறேன், எவன் கேட்பான் என்னை. அவளுக்கு எப்படிடா வலிக்கும்? அவளுக்குத்தான் அங்க ஒண்ணுமே தெரியாதே! அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடணும், கெட்டியான இடத்தில் உட்கார வைக்கக்கூடாது — ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்களே. நாற்காலி வரைக்கும்தான் ஞாபகம் வைத்திருந்தேன். கார் என்றதும் கார்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

தர்மபுரியில் சேர்த்தாயிற்று. எலும்பு வரை போயிருக்கிறதாம். "எதுலங்க உக்கார வெச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கார் சீட்டு என்றேன். "கார் சீட்டு மெத்துனுதான இருக்கும்?" என்றார்.

நார் என்றேன். புரியாமல் பார்த்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எல்லோர் வண்டியிலும் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம். நான் ஷெட்டைத் திறக்கவில்லை.

அமுதா குப்புறப் படுத்தே கிடக்கிறாள். சாப்பாடும் அப்படியேதான். தட்டைத் தரையில் வைத்தால் கட்டில் விளிம்பிலிருந்து கை நீட்டி எடுக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் தரையில் படுக்க வேண்டும். இன்று படுத்தேன். "விடுங்க. எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். திட்டியிருக்கலாம். அவள் திட்டுவாள் என்றுதான் அவ்வளவு நேரம் படுத்திருந்தேன்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. மகன் தமிழ்ச்செல்வன் வந்திருக்கிறான். பேட்டரி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

நவம்பர் 19, செவ்வாய்

வேறு இடத்துச் சதையை எடுத்துப் புண்ணில் வைத்துத் தைத்தார்கள், அதுவும் ஒட்டவில்லை. இனி உட்காருவதென்றால் கொஞ்ச நேரம்தானாம், அதுவும் ஆறின பிறகு, ஆறினால். கார் ஓட்டுவதா? "அத மறந்துடுங்க" என்றார் டாக்டரம்மா. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். என்னிடம் சொல்லிவிட்டு, குனிந்து அவளிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஆம்புலன்ஸிலிருந்து இறக்கின பிறகு அமுதா சொன்னாள்: "அந்தக் கம்பியெல்லாம் கழட்டிடுங்க. பாத்தா எரிச்சலா வருது."

படுத்திருக்கிற இடத்திலிருந்து அவளுக்கு ஷெட்டே தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

கழற்றினேன். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர் — எல்லாம் ஒரு சாக்கில். கிளட்ச், பிரேக் எல்லாம் பழையபடி காலுக்கு. கம்பி நுழைந்த ஓட்டை மட்டும் டேஷ்போர்டில் இருக்கிறது, அடைக்க மனசு வரவில்லை.

பிறகு முன்சீட்டை அறுத்தேன். டிரைவர் உட்காரும் அளவுக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்தாயிற்று. அறுத்த இடத்திலிருந்து நார் கொட்டியது. வாரா வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போக ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து முடியவில்லை. அந்தப் பக்கம் முன்னாலிருந்து பின்சீட் வரை பலகை போட்டு மேலே ஃபோம் போட்டுவிட்டால் படுத்தபடியே வரலாம். சவுரியப்பன் பலகைக்கு இரும்புக் கால் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தான். ஃபோம் வாங்க இந்தத் தடவை நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையிலேயே தடிமனானது எது என்று மட்டும் கேட்டான்.

ஜனவரி 20, திங்கள்

கட்டு மாற்ற தர்மபுரி போய் வந்தோம். வண்டி நன்றாக ஓடுகிறது. சின்னச் சத்தம்கூட இல்லை. அமுதா பலகையில் குப்புறப் படுத்து வருகிறாள், முகம் ஃபோமில், ஒரு கை மட்டும் எனக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு. புண் அப்படியேதான் இருக்கிறதாம்.

திரும்பும்போது பாலக்கோட்டில், மார்க்கெட்டுக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டோம். முன்னால் டிராக்டர், பின்னால் மினி லாரி. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே தாண்டிவிடலாம் என்று பார்த்தேன்.

"மார்க்கெட்டுங்களா?"

"ம்."

"வாசத்துலயே தெரியுது. ஓரமா நிறுத்துங்க. ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்து அவள் கைக்கு எட்டும்படி பையைப் பிடித்தேன். பார்க்க முடியாதே, ஒவ்வொன்றாகத் தொட்டு அமுக்கிப் பார்த்தாள். "இது நேத்துக் காய். உங்கள நல்லா ஏமாத்திட்டான். போய் மாத்திட்டு வாங்க."

போய்ச் சண்டை போட்டேன். "எந்த மகாராணிக்குங்க இவ்ளோ பாத்து வாங்கறீங்க?" என்று கேட்டான் கடைக்காரப் பையன். நான் காரைக் காட்டினேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே யாரும் இருப்பதே தெரியவில்லை. மெரூன் கலரில் பளபளவென்று கார் மட்டும் நின்றது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பருங்க! இப்பத்தான் கம்பெனிலேர்ந்து எடுத்தாப்புல இருக்குது" என்றான். வேறு காய் போட்டுக் கொடுத்தான்.

அமுதா மறுபடி தொட்டுப் பார்த்தாள். "இது பரவால்ல" என்றாள்.

வீட்டு வாசலில் சவுரியப்பன் காத்திருந்தான். அவன் கால் பக்கம், நான் தோள் பக்கம். தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். தக்காளிப் பையைக் கொடு என்றேன், கொடுக்கவில்லை.