சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார்கள், அம்மா

ஒரே ஒரு கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு ஊருக்கே சீஃப்பாக இருந்த என் ஸ்டெல்லா அம்மாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நம் சர்ச் சபை மாத இதழுக்கு உன்னைப் பற்றி அழகாக நான்கு பத்தி எழுதித் தரச் சொன்னார்கள். "அன்பின் சிகரம், பொறுமையின் பொக்கிஷம்னு ஆரம்பிம்மா" என்று முதல் வரியையும் அவர்களே கொடுத்தார்கள். முயன்று பார்த்தேன். சிகரத்தில் ஏறியதுமே தலை சுற்றியது. அதனால் நேராக உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா இன்னும் ஹெப்பகோடி கம்பெனிக்கு அதே காலை பஸ்ஸில்தான் போகிறார். குழம்பில் உப்பு போட மறந்துவிட்டு, "டாக்டர் கம்மியா போடச் சொன்னாரு" என்கிறார். எந்த டாக்டர் என்று இதுவரை தெரியவில்லை. நான் பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. படிப்பு நடக்கிறது. நான்தான் கூடவே நடக்கவில்லை.

அடுத்த செய்தி, உன்மேல் எனக்குக் கோபம். தட்டை நகர்த்திவிட்டுப் போகிற கோபம் இல்லை. அந்தக் கோபத்தை நீ அரை மணி நேரத்தில் ஆற்றிவிடுவாய். இது வேறு.

எட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் உன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டிவி நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர்களைத் திரட்டிக்கொண்டு போவது நீதான். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அடியில் வேன் வந்து நிற்கும். நாற்பது பெண்கள் ஏறுவார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஸ்டுடியோவில் இறங்கிச் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், இயக்குநர் கேட்டால் அழவும் செய்வார்கள். அதை ஆடியன்ஸ் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆன்ட்டியன்ஸ்.

கேமராவுக்கு இடது பக்கம், படத்தில் விழாத இடத்தில் நீ நிற்பாய். மஞ்சள் கர்ச்சீப் தோளில் இருந்தால் புன்னகை. மேலே தூக்கினால் சிரிப்பு. சுழற்றினால் எழுந்து நின்று கைதட்டல். சத்தமாகச் சிரிக்கும் ஃப்ளோரா ஆன்ட்டியை எப்போதும் நட்ட நடுவில் வைப்பாய். "ஓரத்துல வெச்சா பாதிச் சிரிப்பு செவுத்தோட போயிடும்" என்பாய். காலையில், மேடையில் ஈ எறும்புகூட இல்லாத நேரத்தில், அரை மணி நேரம் சிரிப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எந்த ஜோக்குக்குத் தேவையோ அந்த ஜோக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். காலி மேடையைப் பார்த்து நாற்பது பேரைச் சிரிக்கவைக்க உன்னால்தான் முடியும் என்பார்கள்.

அதே ஃப்ளோரா ஆன்ட்டியை ஒரு சோப்புத்தூள் விளம்பரத்துக்கு, பல வருடமாக அதையே வாங்கும் இல்லத்தரசி என்று கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? கேமரா முன்னால் கண் கலங்க அதைப் புகழ்ந்துவிட்டு, இலவசமாகக் கொடுத்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்த எந்தப் பக்கம் ஸ்டெல்லா கிழிக்கறது?" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

நம் கூட்டணி அப்படி. ஒரு கல்யாணத்தன்று சபையில் பாட்டு எண் போடும் பலகையில் நான் மூன்று எண்களையும் மாற்றி வைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வர, சபையே சாவுக்குப் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டைப் பிரித்துக்கொண்டு விழித்தது. எல்லார் முன்னாலும் என் காதைத் திருகினாய். ஆட்டோவில் ஏறியதும் மெதுவாகச் சொன்னாய்: "அடுத்த தபா ஒரு நம்பர மட்டும் மாத்து. மூணையும் மாத்துனா ஆள் வேலன்னு தெரிஞ்சிடும்."

ஊரை ஏமாற்றும் கம்பெனியில் நாம் பார்ட்னர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நானும் ஒரு கஸ்டமர்தான் என்பது தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கன்னட சேனலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நகைச்சுவைப் போட்டிக்கு நான் தேர்வானேன். அன்றைய பார்வையாளர்களும் உன் ஆட்களே. அதனால் முந்தின நாள் அடுப்படியில் உன்னை மடக்கினேன்.

"அம்மா, நாளைக்கி நீ ட்யூட்டி பாக்கக் கூடாது."

"பின்ன?"

"வெறும் அம்மாவா உக்காரு. யாருக்கும் சிக்னல் குடுக்காத. சிரிப்பு வந்தா அதுவா வரணும்."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. எனக்குக் காமெடி வருதா இல்லியான்னு தெரிஞ்சாகணும்மா."

"சரிடி."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பைபிள்ல இருக்கு. ப்ராமிஸ் பண்றேன்."

விளக்குகளின் வெளிச்சத்தில் எனக்கு எதிரே இருந்த யாருமே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு சத்தம்! ஒளிபரப்பில் பார்த்தபோது, என் ஒவ்வொரு ஜோக்குக்கும் அரங்கம் அதிர்ந்தது. நடுவில் ஒரு நொடி உன் முகம். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். "எம் பொண்ணு ஜோக்குக்குச் சிரிச்சப்ப எடுத்தது" என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார்.

அதற்குப் பிறகு நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. பி.காம். சேர மாட்டேன், மேடைதான் என் வேலை என்று பள்ளியில், சபையில், மாமா வீட்டில், எல்லா இடத்திலும் அறிவித்தேன். சந்தேகப்பட்டவர்களுக்கு ஃபோனில் அந்த எபிசோடைப் போட்டுக் காட்டினேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போதுகூடக் கேட்டேன். நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எல்லாரும் நம்பிய நாள் அது.

"அம்மா, அன்னிக்கி நெஜமாவே சிரிச்சாங்க இல்ல?"

"வயிறு வலிக்கச் சிரிச்சோம்டி" என்றாய்.

மூன்றாம் நாள் போய்விட்டாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம் அது. வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? தண்ணி குடு என்றாவது?

போன மாதம் சபை ஹாலில் வாலிபர் கூடுகை. என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அதே ஜோக்குகளைத் தமிழில் போட்டேன். முன்வரிசைகளில் உன் வேன் ஆன்ட்டிகள் எல்லாரும் ஆசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஜோக்கைச் சொல்லி நிறுத்தினேன். சத்தமில்லை. ஆனால் முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடது பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தன. நானும் பார்த்தேன். அங்கே ஃபேன் சுவிட்சுகள் மட்டுமே இருந்தன.

இரண்டாவது ஜோக். மறுபடியும் எல்லாரும் சுவர் பக்கம். ஐந்தாவதுக்கு நானே சிரித்து வைத்தேன். இறங்கியதும் ஃப்ளோரா ஆன்ட்டி ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பேசுன கண்ணு. எப்ப சிரிக்கறதுன்னுதான் எங்களுக்குப் புரியல. டிவியில பேசுனப்போ உங்கம்மா கரெக்டா கர்ச்சீப்பத் தூக்குனா..."

"எப்போ தூக்குனாங்க?"

ஆன்ட்டியின் கை என் கன்னத்திலேயே நின்றுவிட்டது. "இன்னாடி... உனக்குத் தெரியாதா?"

தெரியாது, அம்மா.

அடுத்த வாரம், அந்த நிகழ்ச்சியை எடிட் செய்த ரகு அண்ணாவைத் தேடி கம்மனஹள்ளிக்குப் போனேன். உன் அடக்கத்துக்கு வந்திருந்தாரே, அவர்தான். பழைய பதிவை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றேன். "பேடம்மா, வேணாம். அதெல்லாம் யாக்கே, எதுக்கு இப்போ?" என்று கன்னடமும் தமிழுமாக இழுத்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் போட்டார்.

முதலில் காலையில் எடுத்த பகுதி. ஹாலில் மாட்டியிருக்கும் உன் அந்தச் சிரிப்பு அங்கே இருந்தது; ஆன்ட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். எதிரே காலி மேடை. ஒருவர் ஏணியில் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் ஸ்டுடியோவுக்கே வந்து சேரவில்லை.

அப்புறம் நான் பேசிய பகுதி. பக்கவாட்டுக் கேமராவின் ஓரத்தில் நீ நின்றிருந்தாய். கையில் மஞ்சள் கர்ச்சீப்.

உனக்கு நினைவிருக்கும், என் நல்ல ஜோக் அது, தமிழில் இப்படி: "எங்க அப்பாவுக்கு மூணு பாஷை தெரியும். அம்மா முன்னாடி மூணுலயும் மௌனம்." நான் "அம்மா முன்னாடி" என்று ஆரம்பிக்கும்போதே உன் கை மேலே போய்விட்டது. ஃப்ளோரா ஆன்ட்டி வெடித்தார். அவரோடு நாற்பது பேரும். மௌனம் என்ற சொல் அந்தச் சத்தத்துக்குள் விழுந்து காணாமல் போனது. ஒருவர் காதிலும் அது விழவில்லை. அடுத்த ஜோக்கும் அப்படியே. எட்டு ஜோக்குகள், எட்டுக்கும் அப்படியே. என் வாய் அசைகிறது, மக்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டெலிகாஸ்ட்ல சிரிப்ப கொஞ்சம் தள்ளி வெச்சு ஒட்டுனோம்மா" என்றார் ரகு அண்ணா. பிறகு திரையைப் பார்த்தபடியே, "ஸ்டெல்லாம்மாக்கு டைமிங் தப்பவே தப்பாது. அன்னிக்கி ஒரு நாள்தான் எல்லாமே முன்னாடி" என்றார்.

மற்ற எல்லாருக்கும் நீ காத்திருந்தாய். உளறிக் கொட்டும் அரசியல் மிமிக்ரிக்காரனுக்குக்கூடக் காத்திருந்தாய். எனக்கு ஒரு நொடி காத்திருக்க முடியவில்லையா? ஒரே ஒரு நொடி சும்மா நின்றிருந்தால், அவர்கள் தானாகவே சிரித்திருக்கலாம். சிரிக்காமலும் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது எனக்குச் சேர வேண்டியது. இப்போது அந்தப் பதிவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. உன் கை குறுக்கே நிற்கிறது.

அப்பாவிடம் சண்டை போட்டேன். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவ உன் ஜோக்க நம்பாம செய்யல ஜெனி. ஜனங்கள நம்பல."

நல்ல வரிதான். விளம்பரக் கம்பெனியில் கேட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீ பயந்திருப்பாய், அதனால்தான் எல்லாமே முன்னால் போயிருக்கும். இதெல்லாம் எனக்கும் புரிகிறது. பயந்தது உன் விஷயம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னை ஊரெல்லாம் பெருமை பேச விட்டாயே, அது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்றாயே, அது?

ஹாலில் இருந்த படத்தை ஒரு நாள் கழற்றினேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்ப மாட்டிவிட்டேன். நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். யாருக்கு என்றுதான் கேட்கிறேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம், ஃப்ரேசர் டவுனில் ஒரு காபிக் கடையின் மாடியில் யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாமாம். பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. உன்னையும் தெரியாது. ஆன்ட்டியன்ஸ் யாரும் வரக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டுவிட்டேன். ஃப்ளோரா ஆன்ட்டி மட்டும் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் வருவேன்டி. ஒரு மூலையில குந்திக்கறேன்."

"வந்து என்ன பண்ணுவீங்க?"

"சிரிப்பு வந்தா சிரிப்பேன்."

"வரலன்னா?"

"வரலன்னா உன் மூஞ்சியப் பாத்துகினு இருப்பேன்."

இதை நீ சொல்லியிருக்கலாமே, அம்மா. எனக்கு இவ்வளவுதானே வேண்டியிருந்தது? சரி வாங்க என்றேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். சனிக்கிழமை அப்பாவின் மௌனத்தை முழுசாகச் சொல்லி முடிப்பேன். சொல்லிவிட்டு நிறுத்துவேன். நீ எனக்குக் கொடுக்காத அந்த நொடியை நானே எடுத்துக்கொள்வேன். அது எவ்வளவு நீண்டாலும் வாயைத் திறக்க மாட்டேன், நானாகச் சிரித்து வைக்க மாட்டேன். சிரிக்கிறார்களோ இல்லையோ, என்ன நடந்தது என்று வந்து உன் படத்துக்கு முன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். நீ எங்கே இருந்தாலும் சரி, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நில்.

கோபம் தீராத, ஆனால் உன்னிடம் சொல்லாமல் எதையும் செய்யத் தெரியாத,
உன் ஒரே மகள்
ஜெனி