ஒரு ஆள் உட்கார இடம்

சொல்ஹியின் அப்பாவுக்கு,

சுகம்தானே? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே மீன் ஆலையில் ஒரு வேடிக்கை. புது மேஸ்திரி மதியச் சாப்பாட்டில் தானே எல்லாருக்கும் சூப் ஊற்றினார். ஆம்பளை பரிமாறுகிறாரே என்று பதறி எழுந்துவிட்டேன்.

"உட்காரு கும்சுக், நாற்காலி ஒண்ணும் கடிக்காது!" என்று பெண்கள் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். நம் வீட்டில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் குட்டி சொல்ஹியின் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், பிள்ளை வாசனை அப்படியே இருக்கட்டும்.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வருகிறேன். இந்தமுறை அடுக்களையில் நின்றுகொண்டு சாப்பிட மாட்டேன். அத்தை கத்துவார்கள். நீங்கள் சண்டை போட வேண்டாம், மேசையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டால் போதும்.

மணி அடித்துவிட்டது. நகர்வீர்களா?

கும்சுக்