படுத்தபடியே ஓடினேன், அக்கா

என் ஆசை ஸ்டெல்லா அக்கா,

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. என் வலது முட்டியை மாற்றிவிட்டார்கள். நான் நடக்கிறேன். கம்பு வேண்டாம், சுவர் வேண்டாம், மருமகள் ஷீலாவின் தோளும் வேண்டாம். காலையில் பால் வாங்க நானேதான் தெருமுனைக்குப் போய் வருகிறேன்.

முட்டி எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. காசிமேட்டில் அந்த இறால் கம்பெனியில், ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றே அத்தனை வருஷம் இறால் உரித்தோம். முதலில் உன் கால்கள் வளைந்தன. பின்னாலேயே என்னுடையவை.

உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தானே. முட்டியை மாற்றலாம், ஆனால் உனக்கு சுகர் இருக்கிறது, பி.பி. இருக்கிறது, ஈ.சி.ஜி.யிலும் ஏதோ வித்தியாசம் தெரிகிறது, முதலில் இதயத்துக்கு ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்துவிடுவோம் என்றார்கள். அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தபோது உள்ளே ஒருவர் மார்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு, ஓடுகிற பட்டைமேல் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"நடக்கவே முடியாமத்தான் வந்துகீறேன். என்னப் போய் ஓடச் சொல்றாங்க. வா பிலோ, வூட்டுக்குப் போலாம்."

அன்று திரும்பியவள்தான், மறுபடி போகவே இல்லை. யார் கூப்பிட்டாலும் வரவில்லை. வாசல் நாற்காலிதான் உன் உலகம் என்று ஆனது. உறவுக்காரர் கல்யாணத்துக்கும் போகவில்லை, கோயில் திருவிழாவுக்கும் போகவில்லை. தேர் நம் தெருவுக்குள் வரும்போது மட்டும் நாற்காலியிலிருந்தே சிலுவை போட்டுக்கொள்வாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது ஒரு காய்ச்சல். முட்டியும் இல்லை, இதயமும் இல்லை. ஓட முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லையா? சொல்வதற்குள் நாம் எழுந்து வந்துவிட்டோமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் என் முறை வந்தது. பாத்ரூமுக்குப் போகவே ஷீலா வேண்டியிருந்தது. ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிற மகன் அந்தோணி ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கேட்டுக்கூடப் பார்க்காமல் என்னை ஆட்டோவில் ஏற்றினான். அதே ஆஸ்பத்திரி. அதே பேச்சு. சுகர், பி.பி., ஈ.சி.ஜி., பிறகு ஸ்ட்ரெஸ் டெஸ்ட். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று அந்தோணியிடம் சொல்லியும்விட்டேன்.

என் பக்கத்தில் எர்ணாவூர் கஸ்தூரி என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் முட்டி ஆபரேஷன்தான். ஆனால் அவளுக்கு இந்த டெஸ்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இல்லாத எந்த வியாதி எனக்கு? இதய டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். எல்லோருக்கும் இது தேவையில்லையாம். கஸ்தூரி வலியோடாவது தினமும் மாடி ஏறி இறங்குகிறாள், அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை, நெஞ்சு வலிப்பதில்லை, ஈ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறது. அது போதும். நானோ உட்கார்ந்தே கிடக்கிறேன். பாரம் வந்தால் என் இதயம் தாங்குமா என்று எனக்கே தெரியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் அன்றைக்குத் தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

"ஆனா என்னால ஓட முடியாதே டாக்டர்" என்றேன்.

"நீங்க ஓட வேணாம்மா. படுத்துக்குங்க. உங்க இதயத்த மட்டும் நாங்க ஓட வைக்கிறோம்."

அக்கா, இந்த ஒரு வார்த்தையை நீ கேட்டிருக்கக் கூடாதா?

என்னை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். மார்பில் ஒயர்கள், கையில் மருந்து ஏறுகிற ஊசி. டாக்டரம்மா விலாவில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. பிறகு இடிப்பது போல. தலை சூடாகி, விரல்கள் நடுங்கின. கால் இரண்டும் கட்டை மாதிரி கிடக்க, உள்ளே மட்டும் நான் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மாதாவைக் கூப்பிட்டேன், உன்னையும் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, படபடப்புதான் என்றேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முடியவில்லை என்றால் இப்போதே நிறுத்திவிடலாம் என்றார்.

"நிறுத்தாதம்மா" என்றேன். "ஓடட்டும் வுடு. எங்க அக்காவுக்கும் சேத்து ஓடிகினு கீது."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார்.

மருந்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கியது. டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் என் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு வேகத்திலும் எந்தப் பக்கமும் சோர்ந்துபோகவில்லை, ரத்த ஓட்டத்தில் குறை தெரியவில்லை, தைரியமாக ஆபரேஷனுக்குப் போகலாம் என்றார். வெளியே வந்து சொன்னதும் அந்தோணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியாதா?

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நான் பாதி விழிப்பில்தான் இருந்தேன். மறைத்துக் கட்டிய துணிக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம், போட் ரிப்பேர் நடக்கிற இடத்தில் கேட்கும் சத்தம் மாதிரியே கேட்டது. மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து எழுப்பி நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த பிசியோ பெண் இருக்கிறாளே, முட்டியை மடக்கச் சொல்லி என்னை அழவைத்தாள். அவளை நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது அவளுக்காகத் தினமும் ஜெபம் பண்ணுகிறேன்.

ஒரு வருத்தம் உண்டு. கோயிலில் முட்டி போட வேண்டாம் என்கிறார்கள். ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். "நின்னுகிட்டே பேசுங்க, அவருக்குக் காது நல்லா கேக்கும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷீலாவை முன்னால் அனுப்பிவிட்டு, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறினேன், அக்கா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மாற்றிய வலது காலை முன்னால் வைத்து. உச்சிக்குப் போனதும் மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். சீராக இருந்தது. அந்தப் பக்கம் ஹார்பர் கிரேன்கள் வெயிலில் பளபளத்தன. எனக்குக் கீழே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. முகத்தில் நல்ல கடல்காற்று.

கூடையோடு கடந்துபோன ஒரு அம்மா நின்று, "இன்னாம்மா, யாருக்கு வெயிட் பண்ணிகினு கீற?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லம்மா" என்றேன். "சும்மாத்தான் ஏறினேன்."

இடது முட்டி பாக்கி இருக்கிறது. அதையும் மாற்றிக்கொள்வேன், வழியில் எழுந்து வந்துவிட மாட்டேன். வருகிற திருவிழாவில் தேர் புறப்படுகிற இடத்திலிருந்து திரும்பி வந்து நிற்கிற வரைக்கும், அதன் பின்னாலேயே நடப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு பிறந்து, உனக்கும் சேர்த்து நடக்கிற,
உன் தங்கச்சி
பிலோ