மூன்றாவது அட்டை வெறுமையாக வரட்டும்

அன்புள்ள மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவும் நானும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நீ கூப்பிடும்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறாள், நான் கூடத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பேசி முடித்து வெளியே வந்து, அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டா என்பாள், கேட்டாயோ இல்லையோ அது அவளுக்குத்தான் வெளிச்சம். உன் அறையில் இப்போது துணி காய்கிறது. கல்லூரியில் துறைத்தலைவர் நாற்காலி இந்த முறையும் எனக்கு இல்லை, என்னிடம் படித்தவனே அதில் உட்கார்ந்திருக்கிறான், வராந்தாவில் எதிரே வந்தால் எனக்கு முன்னால் அவன் வணக்கம் சொல்லிவிடுகிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை. இதையெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை.

அந்தக் கோல்கீப்பரின் அட்டை விஷயமாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும். நான் இந்த அட்டை வேலையை எப்படிச் செய்கிறேன் என்று மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நீ. ஆட்டக்காரர் படம் போட்ட அட்டையை வாங்கி, பளபளப்பில் மை வழுக்காமல் இருக்க முகப்பவுடரைப் பஞ்சால் தேய்த்துத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து டேப் போட்டு, பணிவாக நாலு வரி எழுதி, நம் முகவரியும் தபால்தலையுமாகத் திரும்பி வர ஓர் உறையையும் சேர்த்து அனுப்புவேன். ஆட்டக்காரர் மனம் வைத்தால் கையெழுத்தோடு வரும், மனம் வைக்காவிட்டால் வெறுமையாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. கோல்கீப்பர்களுக்கு மட்டும்தான் எழுதுவேன், முன்னால் ஆடுகிற பத்துப் பேரும் கோட்டை விட்டதற்குப் பின்னால் நிற்பவன் தலைகுனிகிற உத்தியோகம் அது, அதன் அருமை என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியும்.

நீ கணக்குத் தணிக்கைப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு உன் மாமா பிடித்துக்கொடுத்த வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அவர் இதே வீட்டில் உட்கார்ந்து வாய் நிறைய மென்றுகொண்டே என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? அத்தான், பொண்ணு கால்பந்து கிளப்புக்குள்ளயே போயிட்டா, அதுவும் ரசிகர்கள் கடிதம் வர்ற பிரிவு, இனிமே உங்களுக்கு மூட்டை மூட்டையா கையெழுத்து வந்து இறங்கும் பாருங்க என்றார். எனக்கு யார் தயவும் வேண்டாம், ஊர்ல எல்லாரும் எப்படி அனுப்புறாங்களோ அப்படித்தான் நானும் அனுப்புவேன் என்று சொன்னேன். பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த நீ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரிப்பா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் என்றாய். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

உங்கள் கிளப் கோல்கீப்பருக்கு, அட்டை சேர்க்கிற எங்கள் வட்டத்தில் கிணறு என்று பெயர், போட்டது எதுவும் மேலே வராது. வரவில்லை என்றால் என்ன, ஊருக்கே வராததுதானே என்று நானும் ஓர் அட்டையை அனுப்பினேன். கையெழுத்தோடு வந்துவிட்டது. நீலப் பேனாவில், படத்தில் கால்சட்டை இருக்கும் இடத்துக்கு மேல், சாய்வாக, பெயரும் அடியில் ஒரு கோடும். சிரிக்காதே, நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன், அம்மா தரையைப் பார்த்துக் கத்தினாள். அன்றைக்கே மருந்துக்கடைக்காரரிடம் எடுத்துப் போனேன். எனக்கு இந்த ஊரில் நண்பர் என்று சொல்ல அவர் ஒருவர்தான். கடையின் பின்பக்கத்தில் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாரக்கணக்கில் அட்டைகளைப் புரட்டியிருக்கிறோம், என்னைக் கீப்பர் என்றுதான் கூப்பிடுவார். அட்டையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, கீப்பர், கிணத்துல தண்ணி வந்துருச்சேய்யா, இது எனக்கு வேணும், என்கிட்ட இருக்கறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோ என்றார். செத்துப்போன பழைய கோல்கீப்பர் ஒருவரின் கையெழுத்திட்ட அட்டை அவரிடம் இருந்தது, பல வருடமாக நான் கண் வைத்திருந்தது. மாற்றிக்கொண்டோம். கிணற்றிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று அன்று மாலையே இரண்டாவது அட்டையை அனுப்பினேன்.

அதுவும் வந்தது. இந்த முறை ஆசை கொஞ்சம் அடங்கியிருந்ததால் நிதானமாகப் பிரித்தேன். கெட்டி அட்டைகளைச் சேர்த்து ஒட்டியிருந்த டேப் என்னுடையது இல்லை, அலுவலகத்து வெள்ளை டேப். அதன் நுனி ஒரு நகக்கண் அளவுக்கு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அது நம் வீட்டு மடிப்பு. சின்ன வயதில் நீ டேப்பை நகத்தால் கிளறிப் பிய்க்கப் போய் ஓர் அட்டையின் மூலையையும் சேர்த்துக் கிழித்துவிட்டு அழுதாயே, அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி அது, நுனியை மடித்து ஒட்டினால் பிடித்து இழுக்க வாகாக இருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடமிருந்து உறைகள் வந்திருக்கின்றன, ஒருவர்கூட நுனியை மடித்ததில்லை. பிறகு கையெழுத்தைப் பார்த்தேன். மை வலப்பக்கமாக இழுபட்டிருந்தது, எழுத எழுதக் கை பின்னாலேயே வந்து அதன்மேல் பட்டிருக்கிறது, இடது கைக்காரர்களுக்குத்தான் அப்படி ஆகும், உன் பள்ளி நோட்டுகள் பூராவும் அந்தக் கறைதான். அந்த ஆள் வலது கையால் பேனா பிடிப்பதைப் பத்திரிகைப் படத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இப்படித்தான் அவர் கையெழுத்தை நீயே போட்டு அனுப்புகிறாய், அதுதான் உன் வேலை என்றாவது இருக்கட்டும் என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். வட்டத்தில் விசாரித்தேன். அதே ஆளுக்கு அதே மாதம் எழுதியவர்களுக்கு அட்டை வெறுமையாக, அச்சடித்த மன்னிப்புச் சீட்டோடு திரும்பியிருக்கிறது. ஆக எனக்கு மட்டும். என் எழுத்து உறையைப் பார்த்ததும், ஐயோ அப்பா, வெறும் அட்டை போனா தாங்க மாட்டாரு என்று நீ யாருக்கும் தெரியாமல் மேசைக்குக் கீழே வைத்துப் போட்டிருப்பாய். எனக்கு அறிமுகமே இல்லாதவர்கள் வெறுமையாகத் திருப்பியது கட்டுக்கட்டாக இந்த வீட்டில் இருக்கிறது, ஒன்றாவது என்னை அவமானப்படுத்தியதில்லை. நீ போட்டது அவமானப்படுத்திவிட்டது. துறையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் முந்திக்கொண்டு வணக்கம் சொல்வதும் நீ செய்ததும் ஒரே ரகம்.

அடுத்து மருந்துக்கடைக்காரர். பொய்க் கையெழுத்து ஒன்றை நண்பர் தலையில் கட்டிவிட்டு என்னால் அந்த ஸ்டூலில் உட்கார முடியுமா? உண்மையைச் சொன்னால் அவர் வட்டத்துக்கே சொல்லிவிடுவார், அவருக்கு வாயில் எதுவும் தங்காது, ஒரே வாரத்தில் உங்கள் அலுவலகத்தில் யார் யார் இடது கைக்காரர்கள் என்று பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். அதனால் அவருடைய அட்டையை எடுத்துக்கொண்டு போய், எனக்குக் கிணத்தோட அட்டையைப் பிரிய மனசு வரல, திருப்பிக் கொடுத்துடுங்க என்றேன். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம், என்னய்யா இது, குடுத்ததத் திரும்பக் கேக்கறதுக்கு நாம என்ன ஒண்ணாங்கிளாஸ் பசங்களா என்றார். நான் அவருடைய அட்டையை மேசைமேல் வைத்தேன். எவனாவது பெரிய விலை சொல்லியிருப்பான், அதை என்கிட்ட சொன்னா நான் என்ன புடுங்கிக்கவா போறேன் என்றார். அதை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். உள்ளே போய் என் அட்டையை எடுத்து வந்து மாத்திரை போட்டுத் தருகிற காகித உறையில் போட்டு, வேற ஏதாவது வேணுங்களா சார் என்றார். சார் என்றார். பின்னால் இருமல் மருந்து வாங்க நின்ற அம்மாள் நகருங்க என்றாள், நகர்ந்தேன். அதன் பிறகு அம்மாவுக்குப் பல்வலி மாத்திரை வாங்கக்கூட இரண்டு தெரு தள்ளிப் போகிறேன். எங்கே போறீங்க, இங்கதானே உங்க சிநேகிதர் கடை என்று அவள் கேட்கிறாள். என்னவென்று சொல்ல? அவளிடம் சொன்னால், பாவம், உங்க மேல இருக்கற பாசத்துல பண்ணியிருக்கா என்று உருகுவாள், உன் மாமாவிடம் சொல்லுவாள், அவர் அடுத்த விருந்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்காட்ட எழுதவில்லை. சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த இரண்டு அட்டைகளையும் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். அந்த ஆளே போட்ட கையெழுத்தாக இருந்திருந்தால் கிழித்திருப்பேன். உன்னுடையது என்பதால் மறுபடி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன், இதை வைத்து அப்பா இறங்கிவிட்டார் என்று கணக்குப் போடாதே.

உன் மேசைக்கு மூன்றாவது அட்டை ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அல்லது வந்திருக்கும். எல்லாம் தெரிந்த பிறகுதான் அதை அனுப்பினேன். அதை அந்த ஆளிடம் காட்டு, போடமாட்டேன் என்றால் மற்றவர்களுக்கு அனுப்புகிற அதே மன்னிப்புச் சீட்டோடு வெறுமையாக அனுப்பு. வெறுமையாக வந்தால் என் மகள் என்னை ஓர் ஆளாக மதிக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். கையெழுத்தோடு வந்தால் இனி அந்த முகவரிக்கு நான் எதுவும் எழுதமாட்டேன், அட்டையும் சரி, கடிதமும் சரி.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. சாப்பாட்டு நேரத்தை அலுவலகத்துக்காகத் தள்ளிப்போடாதே, யாரும் அதற்காக உன்னை மெச்சப்போவதில்லை. அம்மாவின் பல்லைப் பற்றி நீயாகக் கேட்பதுபோல் கேள், நான் எழுதினேன் என்று சொல்லாதே. விட்ட படிப்பை மறுபடி எடுக்கிற எண்ணம் இருந்தால் கட்டணக் கடைசித் தேதி போகுமுன் தெரிவி. நல்ல உடம்போடும் நேரான மனதோடும் நெடுங்காலம் இரு, அதைக் கோபத்தோடு சொன்னாலும் முழு மனதாகத்தான் சொல்கிறேன். அட்டை வெறுமையாக வர வேண்டும், மறந்துவிடாதே.

கீழே பெயர் போடுகிற இடத்துக்கு வந்து வெகுநேரமாகப் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இதை யார் எழுதியது என்று உனக்குச் சந்தேகம் வரப்போவதில்லை. கட்டாயம் கையெழுத்து வேண்டும் என்றால் நீயே போட்டுக்கொள், அடுத்தவர் கையெழுத்து உனக்கு வரும். நான் போடாமலேயே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.